கதைப் புத்தகத்தை எடைக்குப் போடும் பெற்றோருக்கு

மே மாதம் வந்துவிட்டால் பழையசீவரத்துக்கும் திருமுக்கூடலுக்கும் நடுவே இருக்கிற பாலாற்றுப் பாலத்தில் டெம்போ போக்குவரத்து கூடிவிடும். கட்டில், பீரோ, கவிழ்த்து அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலி, மேலே கயிறு போட்டுக் கட்டிய சைக்கிள். அப்பாவுக்கு ஒரகடத்தில் வேலை, அம்மாவுக்கு மாற்றல், பையன் டென்த் போகிறான் அதனால் நல்ல ஸ்கூல், இல்லையென்றால் தறி ஓடவில்லை. காரணம் இவற்றில் ஏதோ ஒன்று. போவதைக் குறை சொல்ல நான் யார்? வயிறு என்று ஒன்று இருக்கிறது. நான் கேட்பது வேறு. டெம்போ வருவதற்கு முந்தின நாள் பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டீர்களே, அவர் தராசில் எதையெல்லாம் ஏற்றினீர்கள்?

நானே சொல்கிறேன். நியூஸ்பேப்பர் கட்டு, போன வருஷத்து நோட்டு, கைடு, கல்யாணப் பத்திரிகைகள். அவற்றோடு சேர்த்து, பிள்ளையைக் கேட்காமல், அதன் கதைப் புத்தகங்கள்.

ஒரு வீட்டில் பக்கத்தில் நின்றே பார்த்தேன். வார இதழிலிருந்து பாட்டி கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணி வைத்த 'பொன்னியின் செல்வன்'. கல்கி பத்திரிகை அந்தக் கதையைத் தலைமுறைக்கு ஒரு தடவையாவது மறுபடி தொடராகப் போட்டிருக்கிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் இப்படிப் பைண்டு பண்ணி வைத்தவர்கள் நிறைய. காலிகோ அட்டை, ஓரமெல்லாம் பழுப்பு, நடுவில் தலைவலித் தைலத்துக்கும் சோப்புக்கும் விளம்பரம். வந்தியத்தேவன் படத்துக்கு யாரோ பால்பாயிண்ட் பேனாவால் மீசையைப் பெரிதாக்கியிருந்தார்கள். மூன்றாம் பாகத்தில் முதல் இருபது பக்கம் கிடையாது. அப்பா அதைக் கையில் எடுத்தார், தட்டினார், தூசி பறந்தது. "செல்லரிச்சுப் போச்சு. வேணும்னா போன்ல படிச்சிக்கலாம்" என்று தராசில் வைத்தார். பதினான்கு வயதுப் பெண் வாசற்படியில் டி.சி. இருக்கிற பிளாஸ்டிக் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வயதில் சொல்ல மாட்டார்கள். அவள் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம்.

ஐயா, அம்மா, பிள்ளைகளுக்கு ஊர் மாற்றம் எப்படி இருக்கும் என்று நாம் யோசிப்பது வீட்டு வசதியை வைத்து. "அங்க அட்டாச்டு பாத்ரூம் இருக்குடா", "லிஃப்ட் இருக்குடி." ஆறு வயதுக் குழந்தை லிஃப்டுக்கு மயங்கும். பதினாலு வயதுக்கு அது போதாது. இங்கே தெருவில் இறங்கினால் அவனை யாருடைய பேரன் என்று நாலு பேருக்குத் தெரியும். எந்த வாத்தியாருக்கு எந்த ஜோக் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். கிரிக்கெட்டில் அவன் எத்தனையாவதாக இறங்குவான் என்பது தீர்மானமான விஷயம். புது ஊரில் இது எல்லாமே பூஜ்யத்திலிருந்து. கோயம்புத்தூர் பக்கம் போன எங்கள் ஊர்ப் பிள்ளை வகுப்பில் வாயைத் திறந்து "இன்னா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வருஷம் முழுக்க அதுதான் அதற்குப் பட்டப்பெயர். அப்புறம் அது பேசுவதையே குறைத்துக்கொள்ளும். நாம் "புது ஊர்ல பையன் ரொம்ப அமைதியாயிட்டான்" என்று மாமியாரிடம் போனில் பெருமை அடித்துக்கொள்வோம்.

நெசவு வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் ஒரு சுற்று அதிகம். குழித்தறியை டெம்போவில் ஏற்ற முடியாது. சட்டத்தைக் கழற்றலாம், குழியை என்ன செய்வது? இரண்டாம் மாடி வாடகை வீட்டில் தரையைத் தோண்ட எந்த வீட்டுக்காரர் விடுவார்? அதனால் தறி இங்கேயே நின்றுவிடும். அப்பா அங்கே அடுக்குமாடியில் செக்யூரிட்டி உடுப்பு போட்டுக்கொள்வார். பாவு எப்போது வரும், ஜரிகை என்ன விலை, கோர்வை வாங்க யார் உட்காருவார்கள் என்று காலையிலிருந்து ஒலித்துக்கொண்டிருந்த வீட்டுப் பேச்சே மாறிப்போகும். ஊர், வீடு, அப்பாவின் தொழில் மூன்றும் ஒரே வாரத்தில் மாறுகிற பிள்ளையிடம், மாறாமல் கூட எடுத்துப் போகக் கூடியதாக ஒரு பொருள் இருந்தது. அதைத்தான் கிலோ கணக்கில் போட்டோம்.

வரதராஜப் பெருமாளே மாட்டுப் பொங்கலன்று காஞ்சியை விட்டுப் பார்வேட்டைக்குப் பழையசீவரம் வருகிறார், ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கும் எழுந்தருளுகிறார். ஒரு நாள் பயணம். அதற்கே குடையும் கோஷ்டியுமாகப் பழகிய பரிவாரம் அத்தனையும் கூட வருகிறது. நிரந்தரமாகப் போகிற பிள்ளைக்கு ஒரு புத்தகம் கூட வரக் கூடாதா?

"ஏற்கெனவே நாலு தடவை படிச்சாச்சு, இன்னும் என்ன?" என்பது நம் அடுத்த கேள்வி. நாலு தடவை படித்ததுதான் விசேஷம். புது ஸ்கூலில் அடுத்த மணி என்ன நடக்கும், யார் என்ன சொல்வார்கள், எங்கே உட்கார வைப்பார்கள், ஒன்றும் தெரியாது. அந்த நாளின் முடிவில், அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று தெரிந்த ஒரு புத்தகத்தைத் திறப்பதில் இருக்கிற நிம்மதியை நாமே அனுபவித்திருக்கிறோமே. ஐம்பது தடவை பார்த்த பழைய சினிமாவை டி.வி.யில் போட்டால் நாம் மட்டும் எழுந்து போகிறோமா?

அதுவும் 'பொன்னியின் செல்வன்' மாதிரிக் கதையில் ஊர் மாறுகிறவனுக்கு என்ன இருக்கிறது என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். கல்கி 1950 அக்டோபரில் ஆரம்பித்து 1954 வரை வாராவாரம் எழுதினார், ஐந்து பாகம். கதையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் இளவரசன் அருள்மொழி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வந்தியத்தேவன். அவன் யார்? வாணர் குலத்தில் பிறந்தவன், முன்னோர் ஆண்ட நாடு கைவிட்டுப் போனவன். சொந்தம் என்று சொல்ல ஊர் கிடையாது. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொடுத்த ஓலைகளோடு காஞ்சியிலிருந்து கிளம்புகிறான். ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையோடு வந்து நிற்கும்போது அந்த நாட்டில் அவனை அறிந்தவர்கள் கைவிரல் எண்ணிக்கைக்கும் காணாது. அங்கே பேச்சு வேறு, சண்டை வேறு, எந்தப் பக்கம் யார் என்று தெரியாது. வாய்க்கொழுப்பால் வம்பில் மாட்டுகிறான். கடம்பூரில் பழைய நண்பன் கந்தமாறன் வரவேற்றுச் சோறு போடுகிறான். பிறகு அதே நண்பன், முதுகில் குத்தியது இவன்தான் என்று தப்பாக நம்பி விரோதியாகிவிடுகிறான். விட்டுவிட்டு வந்த ஊரின் வாட்ஸப் குரூப்பிலிருந்து திடீரென்று நீக்கப்பட்ட பிள்ளைக்கு இந்த இடம் எப்படிப் படும் என்று நினைக்கிறீர்கள்?

தஞ்சாவூரில் அவனுக்கு முதலில் கை கொடுப்பவன் படைத் தலைவனும் இல்லை, பணக்காரனும் இல்லை. சேந்தன் அமுதன். தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூமாலை கட்டிக் கொண்டுபோகிற பையன். வாய் பேச முடியாத அம்மாவோடு நந்தவனத்துக் குடிசையில் இருக்கிறவன். முன்பின் தெரியாதவனைக் கூட்டிப்போய்ச் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுக்கிறான். புது வகுப்பில் முதல் வாரம் யாரோடு சேருவது என்று தவிக்கிற பிள்ளைக்கு, கடைசி பெஞ்சில் யாரும் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருக்கிற ஒருவனைத் திரும்பிப் பார்க்க இது போதும். நாம் பத்து நாள் உபதேசம் பண்ணினாலும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டான். (சேந்தன் அமுதன் கடைசியில் என்ன ஆகிறான் என்பதைச் சொல்ல மாட்டேன். படிக்காத அப்பா அம்மாவும் படிக்க வேண்டுமே.)

எங்கள் ஊர்ப் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு சொத்து உண்டு. காஞ்சியிலிருந்து தெற்கே சோழ நாட்டுக்குப் போகிறவன் பாலாற்றைக் கடக்காமல் போக முடியாது. வந்தியத்தேவனின் குதிரை இந்தப் பக்கம் எங்கேயோதான் ஆற்றில் இறங்கியிருக்க வேண்டும் என்று ஒரு பையன் என்னிடம் அடித்துச் சொன்னான். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற இடத்தில் பிறந்தவனுக்கு அந்த உரிமை இல்லையா? கதையில் வருகிற இளவரசன் அருள்மொழிவர்மன்தான் பின்னால் ராஜராஜன். அவருடைய மகன் ராஜேந்திரன். ராஜேந்திரனின் மகன்களில் ஒருவர் வீரராஜேந்திரன், 1063 முதல் 1070 வரை ஆண்டவர். அந்த வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு எங்கள் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. கதையில் கடல் புயலில் சிக்கி, சுரத்தில் கிடந்து, நாகப்பட்டினத்து விகாரத்தில் ஒளிந்திருக்கிற அந்த இளைஞனின் பேரன் செய்த ஏற்பாடு, பிள்ளை ஓடி விளையாடிய சுவரில்! இது தெரிந்த பிள்ளைக்குத் தாம்பரத்து அடுக்குமாடியில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் பிரித்தால் ஊர் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்கிறீர்கள்?

அந்தக் கல்வெட்டு என்ன சொல்கிறது என்று கோயிலுக்குப் போகிறவர்கள்கூடக் கேட்பதில்லை. பிரகாரம் சுற்றிவிட்டுப் பிரசாதம் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். வேதமும் இலக்கணமும் படிக்கிற மாணவர்களுக்குப் பள்ளி, தங்கிப் படிக்க விடுதி, 15 படுக்கைகளோடு 'வீரசோழன்' என்ற ஆதுலர் சாலை. அதில் வைத்தியர், அறுவை செய்கிறவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், மூலிகை கொண்டுவர ஆட்கள், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள் வரைக்கும் பட்டியல். எனக்கு அதில் பிடித்தது பெரிய விஷயம் எதுவும் இல்லை. வீட்டை விட்டு வந்து தங்கிப் படிக்கிற பையன்களுக்குப் படுக்கப் பாய், இரவில் விளக்கு, சனிக்கிழமை தலை முழுக எண்ணெய் என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். சனிக்கிழமை எண்ணெய்! வீட்டில் அம்மா தேய்த்துவிடுவது அங்கேயும் தவறக் கூடாது என்று யாரோ ஒரு அதிகாரி உட்கார்ந்து யோசித்திருக்கிறார். தொள்ளாயிரத்து ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அரசாங்கக் கணக்கில் இடம் இருந்த அந்தக் கரிசனத்துக்கு நம் டெம்போவில் இடம் இல்லை.

வீட்டை விட்டுப் போகிற பிள்ளைக்குக் கதை எப்படித் துணையாகும் என்பதற்கு வெளிநாட்டிலிருந்து ஓர் உதாரணம். ஆன் ஃபிராங்கை எல்லோருக்கும் தெரியும். 1942 ஜூலையில், பதின்மூன்று வயதில், நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு ஆம்ஸ்டர்டாமில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் ஒளியப் போனவள். மூட்டை கட்டும்போது அவள் முதலில் எடுத்து வைத்தது நாட்குறிப்பு. அந்தக் குறிப்பை அவள் 'கிட்டி' என்கிற தோழிக்கு எழுதும் கடிதமாக எழுதினாள். யார் இந்தக் கிட்டி? அந்தக் காலத்து டச்சுப் பெண்பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்த, சிஸ்ஸி வான் மார்க்ஸ்வெல்ட் எழுதிய யூப் தெர் ஹூல் கதைகளில் வருகிற தோழிக் கூட்டத்தில் ஒருத்தி என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆரம்பத்தில் கிட்டிக்கு மட்டுமல்ல, அந்தக் கூட்டத்தின் மற்றப் பெண்களுக்கும் ஆன் கடிதம் எழுதியிருக்கிறாள். பள்ளித் தோழிகள் ஒருவரும் இல்லாத இடத்தில், பிடித்த நாவலிலிருந்து தோழிகளைக் கூட்டிக்கொண்டாள். அந்த நாவல் ஒன்றும் உலக இலக்கியம் கிடையாது. பள்ளிக்கூடக் கலாட்டாக் கதை. நம் வீட்டில் இருந்திருந்தால் "இதெல்லாம் ஒரு புக்கா" என்று கேட்டிருப்போம்.

அதைத்தான் அடுத்துச் சொல்ல வந்தேன். என் பேச்சைக் கேட்டுவிட்டு நாளைக்கே கடைக்குப் போய் ஐந்து பாகத்தையும் வாங்கி "இந்தா, படி, நல்லது" என்று நீட்டாதீர்கள். பிள்ளைக்கு எது பிடித்த புத்தகமோ அதுதான் மருந்து. அது சுஜாதாவாக இருக்கலாம், ரமணிசந்திரனாக இருக்கலாம், ஹாரி பாட்டராக இருக்கலாம், பின்பக்கத்திலிருந்து படிக்கிற ஜப்பான் படக்கதையாகவும் இருக்கலாம். உங்களுக்குப் பிடித்ததை அவன் தலையில் கட்டுவதற்கு இது சமயம் இல்லை.

வேறு ஒரு வகைப் பெற்றோர் இருக்கிறோம். புத்தகத்தை எடைக்குப் போட மாட்டோம், பாடமாக்கிவிடுவோம். "இதுலேர்ந்து என்ன கத்துக்கிட்ட?" "வந்தியத்தேவன் மாதிரி தைரியமா இருக்கணும், புரியுதா?" பிள்ளை படிக்கிறதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்து, சித்தப்பா பெரியப்பா எல்லோரையும் ஹார்ட் போட வைப்போம். அன்றோடு அந்தப் புத்தகம் செத்தது. தன் துக்கத்தைக் கொண்டுபோய் ஒளித்து வைக்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் பிள்ளை அதற்குள் போகிறது. அங்கேயும் பின்னாலேயே போய்ப் பரீட்சை வைத்தால் எங்கே போகும்? பேச வேண்டும் என்று இருந்தால் அந்தக் கதையில் வருகிற குந்தவையைப் பற்றிப் பேசுங்கள், நந்தினி செய்தது சரியா தப்பா என்று சண்டை போடுங்கள். பூங்குழலி ராத்திரியில் தனியாகக் கடலில் படகு விடுவதைப் பற்றி ஒரு பெண்பிள்ளை பேச ஆரம்பித்தால், அவள் பூங்குழலியைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருங்கள். அதுதான் கெட்டிக்காரத்தனம்.

மார்க் குறையும் என்கிற பயத்துக்கு என்ன சொல்ல? இரவு பத்தரைக்கு மேல் போனைத் தடவுகிற நேரத்தை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, நாவல் படித்த முக்கால் மணிக்கு மட்டும் கணக்கு வருகிறது. நீட் கோச்சிங்கில் சேர்த்தாயிற்று, சேர்த்த இடத்தில் பிள்ளை தூங்காமல் அழுதுகொண்டிருந்தால் எந்த ஃபார்முலா ஏறும்?

ஊர் மாறும்போது கதைப் புத்தகம் கூட வர வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தானாகவே தெரியும் என்பதுதான் வேடிக்கை. ஆர்.கே. நாராயண் 1935இல் வெளியிட்ட 'சுவாமியும் நண்பர்களும்' நாவலில், சிறுவன் சாமிநாதனின் நண்பன் ராஜத்தின் அப்பா போலீஸ் சூப்பரிண்டெண்டெண்ட், அவருக்கு மாற்றல் வருகிறது. மனஸ்தாபத்தில் பேசாமல் இருக்கிற நண்பன் ரயிலேறிப் போகப் போகிறான் என்றதும் சாமிநாதன் விடியற்காலையில் ஸ்டேஷனுக்கு ஓடுகிறான். கையில் என்ன? ஆண்டர்சன் எழுதிய தேவதைக் கதைப் புத்தகம். ஊரை விட்டுப் போகிறவனுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று அந்தச் சின்னப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாவலை வைத்து எல்லாவற்றையும் சரி பண்ணிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. புது ஊருக்கு வந்து வாரங்கள் ஆகியும் பிள்ளை சாப்பாட்டைத் தள்ளுகிறது, தூங்கவில்லை, பள்ளிக்கூடம் என்றால் வயிற்றுவலி வருகிறது, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னாலும் சரி, அப்போது கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மனநல உதவிக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. "வயசுக் கோளாறு" என்று நீங்களாகத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

மற்றப் பிள்ளைகளுக்கு, அதாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, "ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொல்கிற நம் வீட்டுப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு, நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மூட்டை கட்டும்போது புத்தகங்களைப் பிள்ளையையே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எது போகலாம் எது போகக் கூடாது என்று அதுவே சொல்லட்டும். ரொம்பப் பிடித்த ஒன்றை டெம்போவில் ஏற்றாமல் கையோடு பையில் வைத்துக்கொள்ளட்டும். டெம்போவில் போன அட்டைப்பெட்டியை நாம் பிரிக்க எவ்வளவு நாள் ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? ஏற்கெனவே எடைக்குப் போட்டுவிட்டீர்களா, மறுபடி வாங்கிக் கொடுங்கள். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆகிவிட்டதால் பல பதிப்பகங்கள் மலிவாகப் போடுகின்றன. அதுவும் முடியாவிட்டால் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பாட்டியின் பைண்டு வால்யூம் ஆகாது, இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு இது மேல்.

புது ஊரில் கேஸ் கனெக்‌ஷன் மாற்றுகிற அதே வாரத்தில் கிளை நூலகம் எங்கே இருக்கிறது என்றும் விசாரியுங்கள். ஆதார் அட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கெங்கோ அலைகிறோம், அங்கேயும் ஒரு நடை. சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்கு முதலில் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது, 1948இல். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி என்று சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள். நீங்கள் வாடகைக்கு இருந்தாலும் வீட்டுக்காரர் அதை உங்கள் வாடகையில் சேர்க்காமலா இருப்பார்? காசு கட்டியாயிற்று. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள், எந்தப் புத்தகம் எடுப்பது என்பதை மட்டும் அதனிடமே விட்டுவிடுங்கள்.